அரக்கு, பிலிகிரி, கோத்தகிரி, கொல்லிமலை: ஆதிவாசிகள் விளைவிக்கும் காபியில் எதை வாங்கலாம்?

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா என்ற வகைக் காபி பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதற்கு முன் அந்தச் சந்தை அப்படியொரு விலையைப் பார்த்ததில்லை. சென்னையில் எங்கள் தெருவில் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைக்காரரும் விலையை ஏற்றினார். "கொட்டையே அந்த விலைக்குத்தான் வருது, நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் குடியிருப்பில் 9 வீடுகள் சேர்ந்து மாதம் 12 கிலோ பொடி அவரிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். கூடுதல் காசு கொடுப்பதில் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. அந்தக் காசு மலையில் பழம் பறிப்பவர் கை வரைக்கும் போகிறதா, வழியிலேயே நின்றுவிடுகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டோம். கடைக்காரருக்கும் பதில் தெரியவில்லை. அவருக்கு மூட்டை மண்டியிலிருந்து வருகிறது.

ஆதிவாசிக் குடும்பங்கள் தங்கள் சொந்த நிலத்தில், நிழல் மரங்களுக்குக் கீழே விளைவிக்கும் காபியை வாங்கிப் பார்க்கலாமே என்று அப்போதுதான் பேச்சு வந்தது. விசாரிக்க விசாரிக்க நான்கு மலைகள் முன்னுக்கு வந்தன: ஆந்திராவின் அரக்கு, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலை, நம் நீலகிரியில் கோத்தகிரி, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ஓராண்டு வாங்கி, குடித்து, இரண்டு மலைகளுக்கு நேரில் போய்வந்து நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு வீடுகளுக்கும், சின்ன ஓட்டலோ அலுவலக கேன்டீனோ நடத்துபவர்களுக்கும் உதவலாம்.

முதலில், காசு எங்கே நிற்கிறது என்பது. பழுத்த காபிப் பழம் ஏறக்குறைய 6 கிலோ இருந்தால் 1 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். நம் டப்பாவில் இருக்கும் 1 கிலோ பொடிக்கு 7 கிலோ பழம் பறித்திருக்கிறார்கள். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலை உரித்து, வழவழப்பு போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைத்தால் அது பார்ச்மென்ட். பழத்தை அப்படியே தோலோடு காயப்போட்டால் அது செர்ரி. அதற்குப் பிறகு ஆலையில் தோல் நீக்கி, தரம் பிரித்து, வறுத்து, அரைத்து, பையில் அடைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் விலை கூடுகிறது. ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்திருக்கும் குடும்பத்திடம் பல்பர் இல்லை, நல்ல களம் இல்லை, விலை வரும்வரை காத்திருக்கக் கையில் பணமும் இல்லை என்றால் முதல் படியிலேயே விற்றாக வேண்டும். செடி பூத்திருக்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்ட குடும்பத்துக்கு அறுவடையின்போது விலை பேச இடமே இருக்காது.

அதனால் நான்கு மலைகளையும் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி, எந்தப் படி வரைக்கும் காபி அதை விளைவித்தவர் கையில் இருக்கிறது என்பதுதான். ருசி, நிழல், தூரம் எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

'ஸ்பெஷாலிட்டி காபி' என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் சுவைத்துப் பார்த்து 100-க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் கொடுத்த காபி, அவ்வளவுதான். அந்த மதிப்பெண்ணை எட்ட, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும், ஒரே செடிக்கு நான்கைந்து தடவை போக வேண்டும். பெரிய எஸ்டேட்டில் இதற்குக் கூலி எக்கச்சக்கமாக ஆகும். தன் வீட்டுப் பின்னால் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தால் இதை நிதானமாகச் செய்ய முடியும். அந்தப் பொறுமைக்குச் சந்தை கூடுதல் விலை கொடுக்கிறது என்பதால்தான் இந்தச் சொல்லுக்கு நான் மதிப்பு கொடுக்கிறேன்.

சரி, அரக்கு. நான்கில் அதிகம் பெயர் எடுத்தது இதுதான். கிழக்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்தில், 900 மீட்டருக்கு மேல் இருக்கும் கிராமங்கள். பகதா, வால்மீகி, கொண்ட தொரா, கோந்த், பொர்ஜா என்று பல ஆதிவாசி சமூகங்கள் அங்கே இருக்கின்றன. முன்பு மலைச்சரிவில் காட்டை எரித்து இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்தார்கள். தெலுங்கில் அதற்குப் 'போடு' என்று பெயர். அரசின் ஆதிவாசி நலத் திட்டங்கள் காபி நாற்றும் நிழலுக்கு சில்வர் ஓக் கன்றும் கொடுத்த பிறகு, அதே சரிவுகள் நிரந்தரத் தோட்டமாயின. சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றியிருக்கிறார்கள். காபி விலை விழுந்த வருஷம் மிளகு தாங்கிப் பிடிக்கும்.

அரக்கு என்று பெயர் போட்டு வருவதெல்லாம் ஒரே கையிலிருந்து வருவதில்லை என்பது எனக்கு முதலில் தெரியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1956-ல் தொடங்கிய அரசு நிறுவனமான கிரிஜன கூட்டுறவுக் கழகம், ஒவ்வோர் அறுவடைக்கும் கொள்முதல் விலை அறிவித்து வாங்குகிறது; அரக்கு வேலி (Valley) காபி என்று பொடியாகவும் விற்கிறது. இன்னொரு பக்கம் நாந்தி ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே வேலையைத் தொடங்கி, விவசாயிகளைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்து, பழமாகவே வாங்கிப் பொது இடத்தில் பதப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தது. அந்தக் காபிதான் 2017-ல் பாரிஸில் கடை திறந்தது. 2018-ல் அங்கேயே தங்கப் பதக்கமும் வாங்கியது. மூன்றாவதாக, அதே மலைகளில் வன வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமான காபித் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பழம் பறிக்கும் ஆதிவாசி கூலியாள். தோட்டம் அவருடையது இல்லை. இவை போக, அரக்கில் வாங்கி வேறு ஊரில் வறுத்து விற்கும் தனியார் பலர்.

2019-ல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனாலும் அந்தக் குறியீடு காபி அந்த மலையில் விளைந்தது என்பதற்குத்தான் உத்தரவாதம். பறித்தவருக்கு என்ன விலை போனது என்று அது சொல்லாது. எனவே அரக்கு வாங்க முடிவு செய்தால், கூட்டுறவுச் சங்கம் வழியாகவோ கிரிஜன கழகம் வழியாகவோ வந்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

அரக்குப் பக்கம் காபியை ஆதரிக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மலைகளுக்கு அடியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்கிறது. ஜெர்ரிலாப் பகுதியில் 1,200 ஹெக்டேருக்கு மேல் காட்டைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிடும் அரசாணை 2015-ல் வந்தது. ஆதிவாசிகள் விடாமல் எதிர்த்தார்கள், 2019-ல் அது ரத்தானது. ஒவ்வொரு வருஷமும் வருமானம் தரும் தோட்டம் மலைமேல் இருப்பது, மலையை விட்டுக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லும் குடும்பத்துக்கு எவ்வளவு பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

குறை என்றால் நிழல். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். வேகமாக வளரும், நேராக நிற்கும், மிளகுக்குத் தோது, கடைசியில் பலகைக்கும் விலை போகும். விவசாயி அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பறவைக்குப் பழமும் தேனீக்கு வகைவகையான பூவும் தரும் பலா, நாவல், அத்தி கலந்த நிழலுக்கு அது ஈடாகாது. அரக்கில் பல தோட்டங்களில் நாட்டு மரங்களை மறுபடியும் நட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பது ஆறுதல்.

பிலிகிரியில் நிழலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாமராஜநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடத்தில் இருக்கிற காடு அது. அங்கே வாழும் சோலிகர்கள், நம் சத்தியமங்கலம் பக்கம் சோளகர் என்று நாம் சொல்லும் அதே மக்கள்தான். அவர்கள் தங்கள் குடியிருப்பைப் 'போடு' என்கிறார்கள். தெலுங்கு மலையில் எரிகாட்டு விவசாயத்துக்குப் பெயராக இருக்கும் சொல், கன்னட மலையில் ஊருக்குப் பெயராகிவிட்டதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

1974-ல் அந்தக் காடு சரணாலயமானது. வேட்டைக்கும் இடம் மாற்றிச் செய்யும் விவசாயத்துக்கும் தடை வந்தது. சோலிகர்களைச் சாலையோரக் குடியிருப்புகளில் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்து, 2000-க்குப் பிறகு, தேன், நெல்லிக்காய், கல்பாசி சேகரித்து விற்பதற்கும் தடை. காடே வீடாக இருந்தவர்களுக்குக் காட்டிலிருந்து எதுவும் எடுக்க முடியாத நிலை. வீட்டைச் சுற்றி இருந்த ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் காபிதான் கைக்காசு என்றானது அப்போதுதான். 2011 ஜனவரியில் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி சோலிகர்களின் சமூக உரிமையை அரசு ஏற்றது. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் வாழ்பவர்களுக்கு அப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. இந்தக் காபியைக் குடிக்கும்போது எனக்கு அந்த ஆண்டு ஞாபகத்துக்கு வரும்.

பெங்களூரைச் சேர்ந்த ப்ளாக் பாசா காபி நிறுவனம் சோலிகர் விவசாயிகளிடம் வாங்குகிறது. அர்ஷியா போஸ் தொடங்கியது. கொண்டை வைத்த ஒரு சின்ன வேட்டைப் பறவையின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாட்டு மரங்களை வெட்டக்கூடாது, ரசாயனம் தெளிக்கக்கூடாது என்பது அவர்கள் விவசாயிகளோடு சேர்ந்து வைத்திருக்கும் நிபந்தனை. நிழல் அடர்த்தியாக இருந்தால் விளைச்சல் கொஞ்சம் குறையும். ஆனால் அராபிகாவின் பெரிய எதிரியான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி வெயில் படும் தோட்டத்தைத்தான் அதிகம் தாக்கும், நிழல் அதற்கு நல்ல தடுப்பு. பறவைக்காக, காட்டுக்காக என்று காபி வாங்க நினைப்பவர் வேறெங்கும் தேட வேண்டாம், பிலிகிரிக்கே போகலாம். ஆனால் என் முதல் கேள்வியில் இந்தக் காபி முழு மதிப்பெண் வாங்கவில்லை. நல்ல மனதோடு நடத்தப்படும் நிறுவனம்தான். வறுத்து விற்கும் படிகள் பெங்களூரில் நடக்கின்றன, மலையில் இல்லை.

கோத்தகிரிக்கு நான் நேரில் போனேன். நீலகிரி என்றால் தேயிலை என்றுதான் நமக்குப் பழக்கம். மேலே தேயிலை. கீழ்ச்சரிவுகளில், குன்னூரிலிருந்து பர்லியார் இறங்கும் பக்கத்தில், இருளர், குறும்பர் ஊர்களில் காபியும் மிளகும் பலாவும் ஒன்றாகக் கலந்து நிற்கும். தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. யானை வரும் பாதை என்று ஒரு அம்மா கை காட்டினார். அவர் வீட்டுக் காபிச் செடியில் பாதியைப் போன மாதம் யானை மிதித்துவிட்டதாம். அதைக் கோபமே இல்லாமல் சொன்னார்.

1993-ல் தொடங்கிய கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் கோத்தகிரியில் இருக்கிறது. முதலில் தேன் எடுப்பவர்களோடு வேலை செய்தார்கள். அந்த உழைப்பிலிருந்து 2010-ல் லாஸ்ட் ஃபாரஸ்ட் என்ற விற்பனை நிறுவனமும், 2013-ல் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனமும் வந்தன. என் கேள்விக்கு நான் தேடிய பதில் இந்த ஆதிமலையில்தான் இருந்தது. பங்குதாரர்கள் எல்லோரும் பழங்குடியினர், 1,600 பேருக்கு மேல். ஊர்களுக்குள்ளேயே இருக்கும் உற்பத்தி மையங்களில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். தேன், மிளகு, காபி, சீயக்காய், இலவம் பஞ்சு என்று காட்டுப் பொருளையும் தோட்டத்துப் பொருளையும் அங்கேயே பதப்படுத்துகிறார்கள். லாபம் வந்தால் அது உறுப்பினர்களுடையது. 2021-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. நம் தமிழ்நாட்டு இருளரும் குறும்பரும் நடத்தும் நிறுவனத்துக்குக் கிடைத்த அந்தப் பரிசைப் பற்றி நம் ஊரில் இன்னும் நிறையப் பேர் பேசியிருக்க வேண்டும்.

கஷ்டமும் உண்டு. காபி அவர்களுக்குப் பல பொருள்களில் ஒன்றுதான். அளவு குறைவு. மாதம் 100 கிலோ கேட்கும் ஓட்டலுக்கு வருஷம் முழுவதும் ஒரே தரத்தில் கொடுப்பது கஷ்டம். எங்களைப் போன்ற 9 வீட்டுக்குப் பிரச்சினை இல்லை.

கொல்லிமலை எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது, என் அம்மாவின் ஊர் அடிவாரத்தில் இருப்பதால். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் செம்மேடு. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே சாமையும் தினையும் விளைவித்தவர்கள். கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையில் ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்று சொல்வார்கள். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்தது, தானியம் குறைந்தது. உயரமான பகுதிகளில் மிளகும் காபியும் பிடித்துக்கொண்டன.

இங்கே நான் பார்த்தது மற்ற மூன்று இடத்துக்கும் நேர் எதிர். ஒரு வீட்டு வாசலில் தார்பாயில் பழம் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் கலந்து. "எல்லாத்தையும் ஒரே உருவா உருவிடுவோம் தம்பி, செர்ரியாத்தான் கேக்கறாங்க, பழுத்ததுக்குத் தனி விலை யார் தரா?" என்றார் அந்தப் பெரியவர். வியாபாரி வீட்டு வாசலுக்கே வண்டி கொண்டுவந்து மூட்டையை எடுத்துப் போகிறார். விலையை அன்று காலை போனில் சொல்கிறார். அந்த விலை சரிதானா என்று பெரியவர் ஒப்பிட்டுப் பார்க்க இடம் இல்லை. நியூயார்க்கில் விலை ஏறினால் இவருக்கும் கொஞ்சம் ஏறும், விழுந்தால் முழுதாக விழும்.

இதில் என்னை வாட்டிய விஷயம் ஒன்று உண்டு. தோலோடு காயவைக்கும் அதே முறையைத்தான் 'நேச்சுரல்' என்று சொல்லி ஸ்பெஷாலிட்டிக் கடைகள் அதிக விலைக்கு விற்கின்றன. பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். தரையில் இல்லாமல் இடுப்பு உயரத்தில் வலை கட்டிய மேடையில் பரப்பி, ஒரு நாளைக்குப் பல தடவை கிளறி, ஈரம் படாமல் மூன்று நான்கு வாரம் காயவைக்க வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். மூங்கில், வலை, தார்பாய், பொறுமை, அப்புறம் கூடுதல் விலை தருகிறேன் என்று அறுவடைக்கு முன்பே வாக்குக் கொடுக்கும் ஒரு வாங்குபவர் இருந்தால் போதும்.

ஒடிசாவின் கோராபுட்டும் பட்டியலில் இருந்தது. மாச்குண்டு நீர்ப்பிடிப்பில் மண் அரிப்பைத் தடுக்க 1950-களின் கடைசியில் அரசு நட்ட காபியிலிருந்து வளர்ந்த பகுதி. 2019-ல் மாநிலத்தின் பழங்குடியினர் கூட்டுறவு நிறுவனம் கோராபுட் காபி என்று விற்கத் தொடங்கியது. நல்ல முயற்சி. சென்னையில் எங்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

தூரத்துக்கு வருவோம். எங்கள் வீடுகளில் இதைப் பற்றித்தான் அதிகம் வாக்குவாதம் நடந்தது. "பக்கத்து மலை இருக்க அரக்கு எதற்கு, லாரிப் புகை கணக்கில் வராதா?" என்று கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் மனது மாறியது.

அரக்கிலிருந்து விசாகப்பட்டினம் வழியாகச் சென்னைக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். கோத்தகிரியிலிருந்து 550. பிலிகிரியிலிருந்து பெங்களூர் வழியாக வந்தாலும் ஏறக்குறைய அவ்வளவே. கொல்லிமலையிலிருந்து 400-க்குள். சரக்கு நிறைந்த லாரி 1 டன்னை 1 கிலோமீட்டர் கொண்டுபோக உத்தேசமாக 100 கிராம் கரியமில வாயு விடும். அப்படியானால் அரக்கிலிருந்து வரும் 1 கிலோ காபியின் பங்கு 90 கிராம், கொல்லிமலையிலிருந்து வருவதற்கு 40 கிராம். இதோடு ஒன்றை ஒப்பிடுங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் 1 கிலோமீட்டருக்கு 50 கிராம் விடும். கால் கிலோ பொடி வாங்க 2 கிலோமீட்டர் தள்ளியுள்ள கடைக்குப் போய்வந்தால் 200 கிராம். அரக்கிலிருந்து முழு ஒரு கிலோவும் வந்ததைவிட, நாம் கால் கிலோவுக்குக் கடைக்குப் போனது அதிகம்.

விமானம் வேறு கதை. நாளைக்கே வேண்டும் என்று கூரியரில் கேட்டால் பார்சல் விமானத்தில் ஏற வாய்ப்பு உண்டு, அப்போது இந்தக் கணக்கு பத்து மடங்கு ஏறிவிடும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரேசில், வியட்நாம் அராபிகா பிரிட்டன் போய்ச் சேரும் வரையிலான கணக்கைப் போட்டிருக்கிறார்கள். வழக்கமான முறையில் விளைந்து வரும் 1 கிலோ பச்சைக் கொட்டைக்கு 15 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு. ரசாயன உரத்தைக் குறைத்து, விமானத்துக்குப் பதில் கப்பலில் அனுப்பினால் மூன்றரை கிலோ. நிலத்தில் போடும் உரமும் ஏற்றும் வாகனமும்தான் பெரிய வித்தியாசம் செய்கின்றன. நம் நான்கு மலைகளுக்குள் கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பார்த்து எதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. மெதுவாக, மொத்தமாக, லாரி பார்சலில் வரவழைத்தால் போதும்.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு சேதி. ட்ரெஸ் ஓம்ப்ரெஸ் என்ற இன்ஜினே இல்லாத பாய்மரக் கப்பல் 2009-ல் சரக்கு ஏற்றத் தொடங்கியது. 1920-ல் கட்டிய அவொன்டூர் என்ற பாய்மரக் கப்பலும் லத்தீன் அமெரிக்கச் சிறு விவசாயிகளின் காபியை ஜெர்மனிக்குக் கொண்டுவந்திருக்கிறது. விலை அதிகம், அளவு கொஞ்சம். கிடைத்தால் வாங்கிக் குடித்துப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள்.

ருசி. 9 வீட்டிலும் ஒரே பித்தளை ஃபில்டர், ஒரே பால், சிக்கரி இல்லாமல், பெயர் சொல்லாமல் டம்ளரில் கொடுத்துப் பார்த்தோம். அரக்கு அராபிகா மென்மையானது. ஒரு பழப் புளிப்பு மெல்ல வரும். பாலும் சர்க்கரையும் போட்டால் அது காணாமல் போய்விடுகிறது. பால் இல்லாமல் குடிக்கும் இரண்டு பேர் அதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பிலிகிரிக்கும் ஏறக்குறைய அதே நிலை, கொஞ்சம் கனம் கூட. கோத்தகிரிப் பொடியைக் கூடுதல் வறுவலில் வாங்கினோம், டிகாக்ஷன் திக்காக இறங்கியது, பாலைத் தாங்கியது. 9 வீட்டில் 6 வீடு அதைத் தேர்ந்தெடுத்தன. கொல்லிமலை செர்ரி கரடுமுரடாக இருந்தது. பச்சைக் காய் கலந்த கசப்பு தெரிந்தது. நடுத்தர வறுவலுக்கு மேல் போகாத ஸ்பெஷாலிட்டிப் பொடியை அப்படியே நம் ஃபில்டரில் போட்டுப் பால் கலந்து, புளிக்கிறது என்று கைவிட்டவர்கள் பலர். தவறு பொடியில் இல்லை, வறுவலைக் கேட்டு வாங்க வேண்டும்.

சிக்கரி பழகிய வீட்டுக்கு: இந்திய உணவுச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் 51 சதவீதம் காபி இருந்தால் போதும். மலைக்காரர் காபிக்கு நல்ல விலை கொடுக்க நினைத்து, பாதி சிக்கரி உள்ள பாக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். தனியாக வாங்கி நீங்களே பத்து சதவீதம் கலந்துகொள்ளலாம்.

முதல் மூன்று மாதத்தில் நாங்கள் ஏமாந்ததும் உண்டு. 'பழங்குடியினர் காபி' என்று பெரிய எழுத்தில் போட்ட ஒரு பாக்கெட்டை இணையத்தில் வாங்கினோம். எந்த மலை, எந்த அறுவடை, எப்போது வறுத்தது எதுவும் இல்லை. ஒரு தலைப்பாகை கட்டிய முகம் மட்டும் படமாக இருந்தது. கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை. பொடியில் வாசனையும் இல்லை. அதிலிருந்து ஊர் பெயர், சங்கத்தின் பெயர், வறுத்த தேதி மூன்றும் இல்லாததை வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம். விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையை உறுதி செய்யும் நியாய வணிகச் சான்று (ஃபேர்டிரேட்) இருந்தால் நல்லதுதான். கழுவிய அராபிகாவுக்கு 2023 ஆகஸ்டில் அது வைத்த குறைந்தபட்ச விலை பவுண்டுக்கு 1.80 டாலர். சந்தை 4 டாலரில் இருக்கும்போது அந்தக் குறைந்தபட்ச விலைக்கு வேலை இல்லை. 2019-ல் சந்தை 1 டாலருக்கும் கீழே போனதே, அப்படிப்பட்ட வருஷத்தில்தான் அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். நாம் தேர்ந்தெடுக்கும் மலையோடு இருக்க வேண்டியதும் அந்த மாதிரி வருஷத்தில்தான்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளருக்கு 10 கிராம் பொடி. கிலோ 700 ரூபாய்ப் பொடி என்றால் 7 ரூபாய், 1,400 ரூபாய்ப் பொடி என்றால் 14 ரூபாய். இரண்டு பேர் இரண்டு வேளை குடிக்கும் வீட்டில் மாதம் 840 ரூபாய் கூடுகிறது. எல்லா வீட்டாலும் முடியாது, எங்களில் இரண்டு வீடு பாதியை மட்டும் மாற்றிக்கொண்டன. அதில் தவறே இல்லை.

முடிவாக நாங்கள் செய்வது இது. மாத வாங்கலில் பெரும்பகுதி, 8 கிலோ, கோத்தகிரி. விளைவித்தவர்களே பங்குதாரர்கள், பதப்படுத்தும் வேலையும் அவர்கள் ஊரில், எங்கள் டம்ளருக்கும் பொருந்துகிறது. பால் சேர்க்காதவர்களுக்காக அரக்கு 2 கிலோ, சங்கம் வழியாக வருவது மட்டும். பிலிகிரி 1 கிலோ, வீடுகள் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறோம். மாதம் 100 கிலோ வேண்டும் என்று கேட்கும் ஓட்டல்காரருக்கு நான் அரக்கைத்தான் சொல்வேன், அந்த அளவைத் தடையில்லாமல் தர அவர்களால்தான் முடியும்.

மீதி 1 கிலோவின் இடத்தைக் கொல்லிமலைக்கு வைத்திருக்கிறோம். அந்தப் பெரியவரோடும் அவர் பக்கத்து இரண்டு வீடுகளோடும் பேசி, மூன்று வலை மேடைக்கான செலவை முன்பணமாகக் கொடுத்தோம். மார்கழியில் பழுத்ததை மட்டும் தனியாகப் பறிப்பது, அன்றைய செர்ரி விலைக்கு மேல் பாதி கூடுதலாக நாங்கள் தருவது என்று பேச்சு. 30 கிலோ பச்சைக் கொட்டை. பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. சணல் மூட்டையில் வரும், வெள்ளி நிறப் பைகளின் குப்பை இல்லை. வறுக்கும் படி மலையில் நடக்காது என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான், அதற்கு அங்கே முதலில் ஒரு சங்கம் வேண்டும். மாசி மாதம் மூட்டை வந்ததும், பழைய தெருக் கடைக்காரரிடமே வறுக்கக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். எந்த மலை, யார் வீட்டுக் கொட்டை என்று அவர் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.